இரண்டாம் பாகத்தைப் பற்றி உன் அம்மா சொன்னது

மகனே,

தனியாகப் பேச வேண்டியதை இப்படி ஊர் பார்க்க எழுதுகிறாரே என்று கோபப்படாதே. போனை எடுக்காத பிள்ளைக்கு வேறு எந்த வழியில் சொல்வது? உன் நாவலின் இரண்டாம் பாகம் வந்ததிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் உன் வாசகர் குழுவில் பக்கம் பக்கமாகக் கருத்து எழுதித் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல உனக்கு நேரம் இருக்கிறது. அதனால் நானும் அங்கேயே வந்துவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் இந்த எழுத்தாளரின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். வீடு காசிமேட்டுப் பக்கம். விண்வெளிக் கதை என்று இதற்கு முன் ஒன்றுகூடப் படித்ததில்லை. இனிமேலும் நீ எழுதினால்தான் படிப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பேசி முடித்திருக்கிற நான்சியின் அப்பா திருவொற்றியூரிலிருந்து மறுபடியும் வந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், குரலைக்கூட உயர்த்தவில்லை. “ஈஸ்டர் முடிஞ்சி போச்சு சம்மந்தி. ஓலை எப்போ வாசிக்கிறதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வேணாம்னா அத்தயாவது சொல்லிடுங்க. பொண்ணு மூஞ்ச பாக்க முடியல” என்றார். ஓலை என்றால் இங்கே படிக்கிற எல்லோருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன் ஞாயிறு பூசைகளில் இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம் என்று எங்கள் கோயிலில் வாசிப்பார்கள், அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். “பெரியவன் வராம சின்னவனுக்கு இன்னா கல்யாணம்? நாளைக்கு அவன் வந்து, எனக்கு முன்னாடி தம்பிக்குக் கட்டி வச்சிட்டியான்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?” என்றாள். அந்த மனிதர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

பெரியவன் என்று அவள் சொன்னது உன் அண்ணன் அருளை. காசிமேட்டு மீன்பிடி லாஞ்சில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு மழைக்காலத்தில் காற்று முற்றி லாஞ்சு அடிபட்டுத் திரும்பி வந்தது, அவன் மட்டும் அதில் இல்லை. நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். நானும் நீயும் லாஞ்சுகள் அணைகிற வார்ஃபில் நின்றிருந்தோம், நினைவிருக்கும். கடலில் போய் உடல் கிடைக்காதவனை எங்கள் தெருவில் யாரும் செத்துப்போனான் என்று சொல்ல மாட்டார்கள். “இன்னும் கரை ஏறல” என்பார்கள். தாயைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு வராதவர்கள் கண்டுபிடித்த பேச்சு அது. எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவள் அதை அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது உன் முதல் பாகம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதல் பாகத்தை அவள் படித்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி, விரலை வரி மேல் வைத்து, மீன் ஆயும்போதுகூடப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். புத்தகத்தில் இன்னமும் கவுச்சி வாசனை அடிக்கிறது. கடல் கரையை விழுங்கிவிட, எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து ஊர் அளவு கப்பல் ஒன்று நட்சத்திரங்களுக்குக் கிளம்புகிறது என்றதும், “எண்ணூர்ல அவ்ளோ எடம் ஏதுய்யா?” என்று கேட்டாள். கப்பலில் இருப்பவர்கள் எல்லாம் நம்ம பாஷையில் பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது. அருளன் என்று ஒருத்தன் வந்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். பெயரில் ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டால் பெற்றவளுக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா? பழுது பார்க்கக் கப்பலுக்கு வெளியே போகிற அருளன் திரும்பவில்லை. அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிறு மட்டும் வெறுமனே மிதந்து வருகிறது. கப்பலில் இருப்பவர்கள் “அருளன் இன்னும் கரை ஏறல” என்கிறார்கள். அதோடு முதல் பாகம் முடிந்தது. அவள் புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து, “ரெண்டாவது பாகம் எப்போ வரும், கேட்டியா?” என்பதுதான் வீட்டில் பேச்சு.

இரண்டாம் பாகமும் வந்தது. எங்களுக்குப் பார்சல் வருவதற்குள் எதிர்வீட்டு ஸ்டெல்லா போனில் படித்துவிட்டாள். அவள் வாய் சும்மா இருக்குமா? வாசலில் நின்று, “யக்கா, சின்னவன் பெரியவன கதையில சாவடிச்சிட்டான்க்கா” என்று சொல்லிவிட்டாள். நாற்பதாம் பக்கத்திலேயே இருக்கிறது. ‘அருளன் இறந்தான்.’ இரண்டே சொல். முன்னால் ஒன்றுமில்லை, பின்னால் ஒன்றுமில்லை. உன் அம்மா உனக்கு போன் போட்டுக் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். “உனக்குக் கல்யாணம் ஆவணும்னு அவன சாவடிச்சியாடா?” என்றாள். நீ ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாய். அன்றைக்கு வைத்தவன்தான், இன்று வரை எடுக்கவில்லை. அவள் கேட்டது தப்பு. ரொம்பத் தப்பு. நீ பெங்களூரில் போய் உட்கார்ந்துகொண்டு மௌனம் சாதிப்பதும் தப்பு. இரண்டு தப்புக்கும் நடுவில் நான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

நானும் இரண்டாம் பாகத்தைப் படித்தேன். உன் வாசகர்கள் எழுதியதையும் படித்தேன். ஒருத்தர், “முதல் பாகத்தின் வேகம் இதில் இல்லை, எரிபொருள் கணக்கைக் குறைத்திருக்கலாம்” என்கிறார். எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது, ஏனென்றால் பாரம் தூக்குகிறவன் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். இன்னொருத்தர், “நட்சத்திரங்களுக்கு இடையில் போகிறவர்கள் இப்படிக் கலீஜாகவா பேசுவார்கள்?” என்று கேட்டிருந்தார். அவரைக் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா. நம்ம ஆட்கள் சந்திரனில் இறங்கினாலும் “இன்னாபா, காத்தே இல்ல” என்றுதான் சொல்வார்கள். தன் படத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்திருக்கிற ஒரு பெண், அந்தக் கயிறு மலிவான தந்திரம் என்றும், வாசகரைத் தொங்கலில் விட்டுவிட்டு அடுத்த பாகத்தில் ஒரே வரியில் முடித்தது ஏமாற்று வேலை என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. உனக்காகச் சண்டை போடலாம் என்று ஏதோ டைப் செய்தேன், அழித்துவிட்டேன். ஏனென்றால் நானும் இரண்டாம் பாகத்தைத் திறந்ததும் அவனைத்தான் தேடினேன். கிடைத்த பக்கத்தில் அந்த இரண்டு சொல் இருந்தது. கொஞ்ச நேரம் உன்னைப் பிடிக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உன் அம்மா இரண்டாம் பாகத்தைத் தொடவே இல்லை. பார்சலைப் பிரித்து மாதா படத்துக்குக் கீழே வைத்ததோடு சரி. கருத்துகளை மட்டும் படித்தாள். உன் வாசகர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் போலிருக்கிறது, எழுதுகிற தோரணையிலேயே தெரிகிறது. அப்படிப் படித்துக்கொண்டே போனவள் ஒரு பையன் எழுதியதில் நின்றுவிட்டாள். “அருளன் சாகவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தில் வருவான்” என்று அவன் எழுதியிருந்தான். அவனுக்கு ஆதரவாக ஒரு கூட்டம். உன் அம்மா போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேச, அது எழுத்தாக விழுந்து அந்தப் பையனுக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியாது. பிறகு ஸ்டெல்லாதான் காட்டினாள். “அவன் வருவான்னு சொன்ன தம்பி நீ யாரு எந்த ஊரு அவன நீ எங்க பாத்த” என்று இருந்தது. அதற்குக் கீழே எத்தனை சிரிக்கிற முகங்கள்! ஒரு ஆள்கூட இவள் யார் என்று யோசிக்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், கதையைத்தானே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் மட்டும் மரியாதையாகப் பதில் போட்டிருந்தான். “பார்க்கலை ஆன்ட்டி, லாஜிக்தான். கயிறு தானா அறுந்துச்சா, அவனே அறுத்துக்கிட்டானான்னு ஆசிரியர் சொல்லவே இல்லை. அவனே அறுத்திருந்தா உயிரோட இருக்கான். பாடியைக் காட்டலைன்னா ஆள் சாகலைன்னு அர்த்தம்.”

“பாடிய காட்டலன்னா சாவலன்னு அர்த்தமாம்யா. படிச்ச புள்ள சொல்லுது” என்று அவள் என்னிடம் வந்து நின்றபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை எல்லாம் எழுத மனசில்லை. அருளின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். அவன் கட்டிலில் நான் உட்கார்ந்தால் எழுப்பிவிட்டாள். மூன்றாம் பாகம் எப்போது வரும் என்று காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். “அவன் தம்பிகிட்ட கேளுய்யா. அவனுக்குத் தெரியும். தெரியாமலா எழுதறான்?” என்பாள். ஊரே கரை ஏறவில்லை என்று சொன்னபோது சும்மா இருந்துவிட்டு இப்போது மட்டும் எப்படி வாயைத் திறப்பது? எனக்கு வழி தெரியவில்லை மகனே. உனக்கு போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு, “காசிமேடு போலாம் வா” என்றாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் லாஞ்சுகள் எல்லாம் கரையில்தான் நின்றன. வலை தைக்கிறவர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களுமாக வார்ஃப் முழுக்க ஆட்கள். அருள் போன லாஞ்சை அன்றைக்கு ஓட்டிய தேசிங்கு ஒரு ஓரத்தில் வலை மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். இத்தனை வருஷத்தில் இவள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எதிரில் வந்தால் அவன்தான் தெரு மாறிப் போவான்.

“தேசிங்கு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. கயிறு அறுந்துச்சா, அவனே அறுத்துக்கினானா?”

அவன் என்னைப் பார்த்தான். “இன்னா கயிறுக்கா?”

“அருளு இடுப்புல கட்டினு இருந்த கயிறு.”

“கயிறா? லாஞ்சுல எவன்க்கா கயிறு கட்டிக்கினு நிப்பான்? கயிறு கட்டிக்கினு வல இழுக்க முடியுமா?” என்றான். பிறகு அவளுக்கு எதுவோ புரியவில்லை என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டான். “கயிறு இல்லக்கா. ஒண்ணும் இல்ல. ஒரு அல வந்துச்சு. நான் திரும்பிப் பாத்தா அவன் நின்னுகினு இருந்த எடம் காலியா கீது. அவ்ளோதான்க்கா. இருட்டற வரைக்கும் அங்கியே சுத்திகினு இருந்தோம். மாதா மேல சத்தியமா சுத்தினோம்க்கா.”

அவன் அழுதுவிட்டான். அவள் அழவில்லை. அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அப்போ அந்தக் கயிறு ஏதுய்யா?” என்றாள். “சின்னவன் கட்டினது” என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் லாஞ்சுகளைப் பார்த்தாள். “இவன் கட்டி வுட்டுருக்கான்” என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பூனைப் படத்துப் பெண் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ளட்டும். அது தந்திரமா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அண்ணன் போனபோது அவன் இடுப்பில் எதுவும் இல்லையே என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தவன் எழுதின கயிறு அது. எனக்கே அன்றைக்கு வார்ஃபில் நிற்கும்போதுதான் விளங்கியது. முதல் பாகத்தைப் படித்தபோது, “நல்லா எழுதியிருக்கே” என்று உனக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் அவள் மாதா படத்துக்குக் கீழே இருந்த இரண்டாம் பாகத்தை எடுத்தாள். விரலை வரி மேல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். நாற்பதாம் பக்கம் வந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன், எழுந்து போக மனம் வரவில்லை. அந்த இரண்டு சொல்லையும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தாள். விரலை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு அடுத்த வரிக்குப் போனாள். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. காயப்போட்ட சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நீ எழுதியது சரியா தப்பா என்று என்னிடம் கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. எல்லோரும் சுற்றி வளைத்துச் சொன்னதை நீ நேராக எழுதிவிட்டாய். அதற்குத் துணிச்சல் வேண்டும்தான். ஆனால் அந்த இரண்டு சொல்லை உன் அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டு அப்புறம் அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். ஆயிரம் பேர் கையில் கொடுத்துவிட்டுக் கடைசியில் அவள் கையில் வந்து சேரும்படி விட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நான்சி விஷயத்திலும் நீ இப்படித்தான் செய்வாய் என்று பயப்படுகிறேன். மனசில் இருப்பதைப் புத்தகத்தில் எழுதிவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாய். அந்தப் பெண் உன் நாவலைப் படித்து உன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதே. வாயைத் திறந்து சொல். வாசகர்கள் கேட்கிறார்களே என்று அருளனை மூன்றாம் பாகத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடாதே. எனக்காகவும் வேண்டாம். கொண்டுவந்தால் நான் படித்துவிடுவேன், நம்பியும் விடுவேன், அந்தப் பயம்தான்.

நேற்று அவளே என்னைக் கோயில் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஓலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்றாள். பதிவு எழுதுகிற உபதேசியார் புதுசு, நம்ம கதை அவருக்குத் தெரியாது. உன் பெயர், எங்கள் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டு, “ஒரே மகன்தானேம்மா?” என்று கேட்டார். “இல்ல சாமி. எளையவன். எளைய மகன்னு போட்டுக்கங்க” என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. நான்சி வீட்டுக்கும் அவளே போன் செய்து சொல்லிவிட்டாள். உனக்கு மட்டும் செய்யவில்லை. நீ எடுக்க மாட்டாய் என்று பயப்படுகிறாள், அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டாள்.

திரும்பி வரும்போது, அவளே பேச்சை ஆரம்பித்தாள். எல்லோரும் கருத்து எழுதுகிறார்கள், தனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது, அதை என்னை எழுதிப் போடச் சொன்னாள். இரண்டாம் பாகத்தின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், அருளன் வெளியே போன அன்றைக்குக் கப்பலில் ரேஷன் குறைந்துபோனதால் தன் பங்கைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு போனான் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? வாசகர்கள் எல்லோரும் அழுதேன் அழுதேன் என்று எழுதியிருக்கிற இடம். அதைப் பற்றித்தான். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே கீழே எழுதுகிறேன்.

“கத நல்லா கீது. நல்லாத்தான் எழுதிக்கிறான். ஆனா அது ஒண்ணு தப்பு. அவன் பட்டினியா போவல. அன்னிக்கு இட்லி ஊத்தி, சுண்ட வச்ச வஞ்சிரக் கொழம்பு போட்டேன். ரெண்டு தரம் கேட்டு ஊத்திக்கினான். நான்தான் போட்டேன், எனக்குத் தெரியாதா? அவன் வயிறு ரொம்பித்தான் போனான். அத்த மட்டும் மாத்தி எழுதச் சொல்லு.”

மாற்றிவிடு மகனே. வந்து அவள் எதிரில் உட்கார்ந்து மாற்று. மூன்றாம் பாகம் எப்போது வரும் என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா